மாடு படுத்திருந்த பக்கம்

1889-ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகலில், செமின் கிரனியே ஊருக்கு வெளியே கரும்புக்காட்டின் ஓரத்தில் இருந்த சின்னக் கோயிலின் வாசற்படியில் க்ளெமான் சவரிமுத்து குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே சிலுவையை முத்தி செய்கிற சடங்கு ஆரம்பமாகிவிட்டது. கோயிலுக்கு வாசல் ஒன்றுதான். அதை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது அவர் உடம்பு. இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். ஆள் நகரவில்லை, ரம் வாடைதான் கிளம்பியது. வேறு வழியில்லாமல் சனங்கள் அவரைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். தோட்டத்து மேலாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டினார். கரும்பு வெட்டுகிறவர்கள் வெறுங்காலோடு தாண்டினார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த அவருடைய மனைவி இவெட், மழைத்தண்ணீர் தேங்கிய குழியைத் தாண்டுவதுபோலப் பாவாடையை லேசாகத் தூக்கிக்கொண்டு, கீழே பார்க்காமல் தாண்டிப் போனார்.

அந்த நேரம் பார்த்து க்ளெமானுக்கு ஒரு கண் திறந்தது.

அன்றிலிருந்து அவர் குடிக்கவில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஊரே சாட்சி. ரம் விற்ற கடைக்காரர், கீ என்பவர்கூட சாட்சி. தன்னுடைய நல்ல வாடிக்கையாளர் ஒருவர் ஒரே நாளில் கைவிட்டுப் போனதை அவர் மறக்கவே இல்லை.

க்ளெமான் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான காம்பில் பிறந்தவர். காரைக்காலிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் இந்தத் தீவுக்கு வந்த அவருடைய அப்பா, சமுத்திரத்தைத் தாண்டும்போது செபமாலையையும் பழைய செபங்களையும் கூடவே கொண்டுவந்தார். அப்பாவிடமிருந்து க்ளெமானுக்கு வந்தது நல்ல கணீர்க் குரல். குடியை விட்ட பிறகு அந்தக் குரலுக்கு வேலை கிடைத்தது. சாவு வீடுகளில் செபமாலையை நடத்துவது அவர். மாதா திருநாளில் கொடி பிடிப்பது அவர். பெரிய தியானம் வைக்க வெளியூர்ச் சுவாமியார் வந்தால், பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நின்று தாம் மனந்திரும்பிய கதையைச் சொல்வதும் அவர்தான்.

கதையை அவர் நன்றாகச் சொல்வார். முதல் இரண்டு வருஷம் நடந்ததை நடந்தபடி சொன்னார். மூன்றாம் வருஷம் கோயில் சன்னலிலிருந்து ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. ஐந்தாம் வருஷம் தாண்டிப் போனவர்களில் ஒருவர் காறித் துப்பினார். ரம் மட்டும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போயிற்று. கீ ஒருமுறை கடையில் பத்துப் பேர் முன்னால், தீவின் கிரியோல் பேச்சில் கேட்டார்: "என்கிட்ட மொத்தமே ஒரு பீப்பாய்தான் இருந்துச்சு, க்ளெமான். உன் கதையில இப்ப மூணு. இன்னும் ரெண்டு வருஷம் நீ சொன்னா, நான் போர்ட் லூயிஸ் பட்டணத்துலயே கடை போட்டுடலாம்." க்ளெமானும் சேர்ந்து சிரித்தார். அடுத்த தடவை சொல்லும்போது பீப்பாய் நான்கானது.

அந்தக் கதைக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அதில் பாவமெல்லாம் வாசற்படிக்கு முன்னால். கிருபையெல்லாம் வாசற்படிக்குப் பின்னால். அந்த வெள்ளிக்கிழமை இரண்டுக்கும் நடுவே வேலிபோல நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் தாம் ஏதாவது தப்புச் செய்திருக்கக்கூடும் என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

ஆனால் அவர் கட்டிய கல் சுவர் வேலிக்கு இந்தப் பக்கம், குடியை விட்ட பிறகுதான் எழும்பியது.

குடியை விடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, பக்கத்துத் தோட்டத்தார் தங்கள் தூரத்து வயல்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். இவெட் பன்றி வளர்த்துச் சேர்த்ததை வைத்து க்ளெமான் ஒரு துண்டு வாங்கினார். அடுத்த துண்டைப் பழனியாண்டி வாங்கினார். பழனியாண்டியும் மனைவி தெய்வானையும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். க்ளெமான் வீட்டார் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். கரும்புக்கு அந்தப் பேதம் கிடையாது. இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒரு மாடு. இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டி இரண்டு வீட்டுக் கரும்பையும் ஆலைக்கு ஓட்டினார்கள். நிலம் கைக்கு வந்த முதல் நாளே எல்லை போட்டார்கள். கயிற்றின் ஒரு முனையைப் பழனியாண்டி பிடித்தார், மறு முனையைக் க்ளெமான் பிடித்தார். கயிறு போன வழியில் இரண்டு பேருமாக நார்க் கற்றாழையை வரிசையாக நட்டார்கள்.

அந்தப் பக்கத்து நிலத்தில் மண்ணைவிடக் கல் அதிகம். உழுகிற ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கருங்கல் மேலே வரும். பொறுக்கி ஓரத்தில் குவித்தால், அடுத்த உழவில் இன்னொரு வரிசை தலை காட்டும். சின்னக் கல்லைக் கூடையில் சுமக்கலாம், பெரியதைக் கடப்பாரை போட்டு உருட்டலாம். ஒரு கல்லை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தெய்வானையின் நிலத்துக்குள், எல்லையிலிருந்து நாலு வரிசைக் கரும்பு தள்ளி, கால் மடக்கிப் படுத்த மாடு போல ஒரு பாறை. மாடு என்றே அதற்குப் பெயர். மதியக் கஞ்சியை அதன் நிழலில் உட்கார்ந்துதான் குடிப்பார்கள்.

1892 ஏப்ரல் மாதக் கடைசியில் வந்த புயலைப் பற்றி அந்தத் தீவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கூரை விழுந்து பழனியாண்டி இறந்தார். கொட்டிலில் கட்டியிருந்த அவர்களுடைய மாடும் செத்தது. தெய்வானை மகள் கண்ணம்மாவைக் கூட்டிக்கொண்டு ரோஸ் பெல் ஊரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். ஓடை பெருகி இரண்டு நிலத்துக்கும் நடுவே அறுத்துக்கொண்டு ஓடியதில் கற்றாழை வேலியும் போயிற்று.

க்ளெமான் சோம்பேறி இல்லை. வீட்டைத் தூக்கி நிறுத்திய கையோடு நிலத்தைச் சுத்தம் செய்தார். புயல் புரட்டிப் போட்ட கல் மலையாகக் கிடந்தது. இனி எந்த வெள்ளத்துக்கும் அசையாத எல்லை வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, கல் சுவர் கட்ட ஆரம்பித்தார். சுண்ணாம்பு இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்குகிற சுவருக்குத் தலைமாட்டில் அசையாத ஒன்று வேண்டும். மாடு அசையாது. மாட்டிலிருந்து பிடித்து நேராகச் சாலை வரைக்கும் சுவர் இறங்கியது.

கற்றாழை இருந்த இடம் அவருக்குத் தெரியாதா என்று கேட்டால், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை.

மத்தியானச் சோறு கொண்டுவந்த இவெட், சுவரையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது அவங்க பக்கம்ல?"

"புயலுக்கப்புறம் எது யார் பக்கம்னு யாருக்குத் தெரியும்? அவங்க வரட்டும், பாத்துக்கலாம்."

தெய்வானை மறு வருஷம் வந்தார். சுவர் இடுப்பு உயரத்துக்கு எழும்பி, ஊரே பாராட்டுகிற அழகில் நின்றது. நாலு வரிசைக் கரும்பு அந்தப் பக்கம் போயிருந்தது. அதைவிட மோசம், எல்லையை ஒட்டி வண்டி நுழைய இருந்த தடமும் அதோடு போயிருந்தது. நிலத்தின் இன்னொரு பக்கம் பள்ளம். அங்கே மனுஷன் இறங்கலாம், வண்டி இறங்காது. தெய்வானை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சுவருக்கு அப்பால் களை எடுத்துக்கொண்டிருந்த க்ளெமானைக் கூப்பிட்டார்.

"அண்ணே. மாடு எங்க பக்கம்ல படுத்திருந்துச்சு?"

"புயல்ல எல்லாம் பொரண்டு போச்சு, தங்கச்சி."

தெய்வானை பாறையைப் பார்த்தார்.

"மாடுகூடவா?"

க்ளெமான் குனிந்து அடுத்த களையைப் பிடுங்கினார். தெய்வானை அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சு எழவே இல்லை.

அறுவடை வந்தால் தெய்வானையும் கண்ணம்மாவும் வெட்டிய கரும்பைக் கட்டுக் கட்டாகத் தலையில் வைத்து, சுவரை ஒட்டியே நடந்து, சாலையில் நிற்கிற வாடகை வண்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். க்ளெமானுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தம் வேலையாட்களை அழைத்துக்கொண்டு போய்த் தாமும் கட்டுச் சுமந்தார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, வருஷம் தவறாமல் சுமந்தார். விதவைக்கு உதவுகிற மனுஷன் என்று கோயிலில் பேச்சு வந்தது. கடைசிக் கட்டு வண்டி ஏறியதும் தெய்வானை ஒவ்வொரு வருஷமும் ஒரே வார்த்தையைச் சொல்வார்: "உங்களுக்குப் புண்ணியம், அண்ணே."

இவெட் ஒருநாள் உலை மூட்டிக்கொண்டே சொன்னார், அந்தச் சுவர் இவருக்கு இரண்டு தடவை விளைகிறது, ஒரு தடவை கரும்பாக, ஒரு தடவை பெயராக என்று. க்ளெமான் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்.

இப்படியே வந்தது 1904. ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளை ஒட்டிப் பெரிய தியானம் ஏற்பாடாகியிருந்தது. திருநாளன்று க்ளெமான் தம் கதையைச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. ரோஸ் பெல்லிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு ஆட்கள் வருவதாகச் செய்தி. கோயில் கொள்ளாது என்று வெளியே பந்தல் போட்டார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால் க்ளெமான் அதுவரை பேசியதில்லை. வாரம் முழுக்கக் கரும்பு வெட்டும்போதெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்தார்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம். கேட்க உட்கார்ந்திருந்தவர் தீவுக்கு வந்து அதிக நாள் ஆகாத இளம் சுவாமியார். கடுமையான ஜலதோஷம், வாசல் வரைக்கும் நீண்டு நின்ற வரிசை வேறு. க்ளெமான் முழங்காலில் நின்று, எப்போதும் தொடங்குகிற இடத்திலேயே தொடங்கினார்: குடித்தேன், பெரிய வெள்ளிக்கிழமையில் குடித்தேன், கோயில் வாசலில் விழுந்து கிடந்தேன்.

சுவாமியார் எப்போது என்று கேட்டார். க்ளெமான் பதினைந்து வருஷம் முன்பு என்றார். அதை முன்பே சொல்லி மன்னிப்புப் பெறவில்லையா என்று கேட்டார் சுவாமியார். பெற்றேன், வருஷா வருஷம் பெறுகிறேன் என்று க்ளெமான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

மறுபக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு சுவாமியார் கிரியோலில் சொன்னார்:

"அந்தப் பாவம் செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு, மகனே. செத்ததையே தூக்கிட்டு வராதே. உயிரோட இருக்கிறதைக் கொண்டு வா."

க்ளெமான் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. வெளியே போய் உட்கார்ந்து யோசித்துவிட்டு வா என்று சுவாமியார் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தவர் உட்காரவில்லை. வீட்டைப் பார்த்து நடந்தார். நேற்று வந்த பிள்ளை, கொடி பிடிக்கிற மனுஷனிடம் போய் யோசி என்கிறது. வழி நெடுக அவருக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நிலத்துக்கு வந்தபோது தெய்வானையும் கண்ணம்மாவும் கட்டுச் சுமந்துகொண்டிருந்தார்கள். கண்ணம்மா கல்யாணமாகி, அப்போது நிறைசூலியாகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ஆனாலும் தலையில் கட்டு இருந்தது. க்ளெமான் பழக்கப்படி போய் அவள் தலையிலிருந்த கட்டைத் தம் தலைக்கு மாற்றிக்கொண்டார். சுவரை ஒட்டி இறங்கினார். வண்டியில் போட்டார். மேலே ஒட்டிய கரும்புச் சோகையைத் தட்டிவிட்டுத் திரும்பினார். தெய்வானை எப்போதும்போலச் சொன்னார்:

"உங்களுக்குப் புண்ணியம், அண்ணே."

பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அது காதோடு நிற்கவில்லை. திரும்பி ஏறும்போது சுவரை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். இத்தனை வருஷம் சுமை தூக்கியும், தெய்வானையின் பக்கம் நின்று சுவரைப் பார்த்ததில்லை. இறங்கும்போது தலையில் கட்டு, பார்வை காலடியில்; ஏறும்போது பார்வை அடுத்த கட்டில். வெறுந்தலையோடு பார்த்தால், சுவரின் இந்த முகம் கரடுமுரடாக இருந்தது. நல்ல முகத்தை அவர் தம் பக்கம் வைத்துக் கட்டியிருந்தார். சுவரின் தலைமாட்டில் மாடு படுத்திருந்தது. புயலுக்கு முன்பு பழனியாண்டி முதுகு சாய்க்கிற இடத்தில் பாறை இன்னும் வழவழப்பாகத்தான் இருந்தது.

உயிரோடு இருக்கிறது எது என்று க்ளெமானுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை திருநாள். பந்தல் நிறைந்து வெளியே வெயிலிலும் ஆட்கள் நின்றார்கள். பிரசங்கம் முடிந்ததும் க்ளெமானைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். கூட்டத்தைப் பார்த்தார். பழைய கதை நுனி நாக்கில் இருந்தது. அதைவிட நல்ல கதை ஒன்றும் இப்போது கையில் இருந்தது: சுவர், விதவை, நிறைசூலிப் பெண்ணின் தலையிலிருந்து தாம் இறக்கிய கட்டு. சொன்னால் பந்தலே அழும். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரிந்தது. அது தெரிந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. எல்லோரும் அழுது முடித்து வீட்டுக்குப் போவார்கள். சுவர் நின்ற இடத்தில் நிற்கும்.

"கத இன்னும் முடியல," என்றார். "முடிஞ்சதும் சொல்றேன்."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ரோஸ் பெல்லிலிருந்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். உள்ளூர்க்காரர்களுக்கு ஏமாற்றத்தோடு சந்தேகமும். பொழுது சாய்வதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது: க்ளெமான் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார். நாக்குக் குழறியது என்று ஒருவர் சொன்னார். நிற்கும்போது ஆடினார் என்று இன்னொருவர் சொன்னார். கீயின் கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் கீ அலட்சியமாகச் சொன்னார், அந்த ஆள் குடித்தால் ஊரில் முதலில் தெரிகிறது தனக்குத்தான் என்று. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. அடுத்த சாவு வீட்டில் செபமாலை நடத்த வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். பதினைந்து வருஷம் சேர்த்த நல்ல பெயர் ஒரு மத்தியானத்தில் ஆட்டம் கண்டது. திருநாள் மேடையில் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெயர் இரட்டிப்பாகியிருக்கும் என்பது க்ளெமானுக்குத் தெரியாமல் இல்லை.

திருநாளில் வேலை செய்யக்கூடாது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தெய்வானை வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தங்கச்சி. மாடு உங்க பக்கந்தான்."

தெய்வானை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்."

"அப்ப ஏன் இத்தன வருஷமா கேக்கல?"

"ஒரு தரம் கேட்டேன்ல?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க கட்டுச் சுமந்து சாமியார் ஆயிட்டீங்க." தெய்வானை ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார். "பழையபடி குடிகாரனாவே இருந்திருந்தீங்கன்னா சண்ட போட்டிருப்பேன், அண்ணே. பாதி ஊரு என் பக்கம் நின்னிருக்கும். சாமியார்கூட யாரு சண்ட போடுறது?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடக் க்ளெமானுக்கு அவ்வளவு வலித்திருக்காது. சுவரை மாற்றிக் கட்டிவிடுவதாகவும், நாலு வரிசையில் நிற்கிற கரும்பைத் தெய்வானையே வெட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"கரும்பு எப்படியும் என்னோடதுதானே. அத நீங்க குடுக்க வேணாம்." தெய்வானை மறுபடி புடைக்க ஆரம்பித்தார். "மொதல்ல கல்ல எடுங்க. மத்தத அப்புறம் பேசலாம்."

அன்று சாயங்காலமே க்ளெமான் சுவாமியாரிடம் போய், உயிரோடு இருந்ததைச் சொன்னார். ஜலதோஷம் விட்டிருந்த சுவாமியார் சுவர் எவ்வளவு நீளம் என்று கேட்டார். நீளத்தைக் கேட்டதும் விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்தார். அபராதமாக எத்தனை செபமாலை சொல்ல வேண்டும் என்று க்ளெமான் கேட்டதற்கு, செபமாலை வேண்டாம், கல்லை எடு என்றார். தெய்வானையும் அவரும் பேசி வைத்துக்கொண்டதுபோல இருந்தது.

வேலையாட்களை அழைத்துச் செய்தால் ஒரு பருவத்தில் முடிகிற வேலை. க்ளெமான் அழைக்கவில்லை. அவரே கட்டியது, அவரே பிரிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஆட்கள் வந்தால் வேடிக்கை பார்க்கவும் ஆள் வரும். வேடிக்கை பார்க்க ஆள் வந்தால் தமக்குப் பேச்சு வந்துவிடும் என்று பயந்தார். தம் கரும்பை ஆலைக்கு அனுப்பிவிட்டு, மீதிப் பொழுதில் கடப்பாரையும் கூடையுமாகச் சுவரின் சாலை முனையில் நின்றார். மேல்கல்லை எடுத்து, தம் நிலத்துப் பக்கமாகக் கொண்டுபோய், புதுச் சுவருக்கு அடுக்கினார்.

புதுச் சுவர் எங்கே வர வேண்டும் என்பதற்கு ஒரு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார். கற்றாழை வரிசை இருந்த இடத்தை நினைவிலிருந்துதான் கணித்தார். ஒரு வாரம் வேலை நல்லபடி ஓடியது. கை வலித்தாலும் மனம் லேசாக இருந்தது. வேலை செய்துகொண்டே பாடக்கூடச் செய்தார். அப்போது ஒருநாள், கயிற்றுக்குத் தம் பக்கம், ஒரு வரிசை தள்ளி, வழியில் கிடந்த ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பினார். கல்லோடு மண் பிளந்து ஒரு வேர் வெளியே வந்தது. அழுகிக் கறுத்துப்போய், நார் நாராகப் பிரிந்து நின்றது. கற்றாழை வேர்.

சுற்றிலும் யாரும் இல்லை. தெய்வானை ஊருக்குள் போயிருந்தார். வெட்டி முடித்த வயலில் காற்று சோகையைப் புரட்டிக்கொண்டிருந்தது.

க்ளெமான் கயிற்றைப் பார்த்தார். முளையை அடித்தது அவர்தான். கயிற்றை இழுத்துக் கட்டியதும் அவர்தான். நாலு வரிசையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு வரிசையைத் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தார். அறியாமல்தான் என்று சத்தியம் செய்ய முடியுமா என்று தம்மையே கேட்டுப் பார்த்தார். முடியவில்லை.

வேரைச் சோகைக்கு அடியில் தள்ளிவிடுவது சுலபம். மூன்று வரிசை திரும்பிக் கிடைத்தாலே தெய்வானை சந்தோஷப்படுவார், ஊரும் மெச்சும். க்ளெமான் அந்த வேரைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, முளையைப் பிடுங்கினார். ஒரு வாரம் அடுக்கிய கல்லை மறுபடி இறக்க ஆரம்பித்தார். பாட்டு வரவில்லை.

சாயங்காலம் தெய்வானை வந்தபோது, கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு க்ளெமான் வரப்பில் காத்திருந்தார். வேரைக் காட்டினார். கயிறு தப்பாகப் போயிருந்தது என்றார். எப்படித் தப்பாகப் போயிற்று என்று தெய்வானை கேட்கவில்லை. வேரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னைய நம்பி நான் கயிறு போட்டா சரிப்படாது, தங்கச்சி. மறுமுனைய நீங்க பிடிக்கிறீங்களா?"

தெய்வானை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றின் முனையை வாங்கினார். பழனியாண்டி நின்ற முனை அது. இரண்டு பேருமாக இழுத்துப் பிடித்தபோது, கயிறு வேர் வந்த குழிக்கு மேலாகவே போயிற்று.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது க்ளெமான் இவெட்டிடம் ஒரு கேள்வி கேட்டார். பதினைந்து வருஷமாகத் தம் கதையில் இவெட் ஒரு பாவாடை மட்டுமே என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை தாண்டிப் போகும்போது, ஏன் கீழே பார்க்கவில்லை என்று கேட்டார். அருவருப்பால்தான் என்று எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்.

இவெட் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி பாதியில் நின்றது.

"செத்துட்டீங்களோன்னு நெனச்சேன்," என்றார். "பாத்தா தெரிஞ்சிருமேன்னு பயந்து பாக்கல."

அதன் பிறகு அந்தக் கதையைக் க்ளெமான் பழையபடி சொல்லவில்லை. குடித்துவிட்டார் என்ற வதந்தி தானாகவே காய்ந்து உதிர்ந்தது. குடிகாரன் எவனும் வருஷக்கணக்கில் கல் சுமக்கமாட்டான் என்பது ஊருக்குத் தெரியும். சாவு வீடுகளில் மறுபடி அவரைக் கூப்பிட்டார்கள். கதை கேட்டால் மூன்று வாக்கியத்தில் முடித்துக்கொள்வார். வாசற்படியில் கிடந்தேன், இவெட் பயந்தாள், கடவுள் எழுப்பிவிட்டார். பிறகு செபமாலையைத் தொடங்கிவிடுவார். உன் கதையில் என் கடையே காணாமல் போய்விட்டது என்று கீ குறைப்பட்டுக்கொண்டார்.

பாவசங்கீர்த்தனத்துக்கு இப்போது மாதம் தவறாமல் போனார். உள்ளே அதிக நேரம் ஆவதில்லை. வண்டிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இவெட் பேசும்போது காது கொடுக்கவில்லை. சுவர் வேலையை நினைத்துக் கர்வம் வந்தது. எல்லாம் சின்னச் சின்ன விஷயம், எல்லாம் அந்த மாதத்தில் தலை காட்டியவை. எடுக்க எடுக்க வருகிறதே என்று ஒருமுறை சுவாமியாரிடம் ஆச்சரியமாகச் சொன்னார். குரலில் சோர்வு இல்லை. உழவு ஆழமாகப் போனால் கல் வரும் என்பது அந்த மண்ணில் பிறந்தவருக்குத் தெரிந்ததுதான். வந்த கல்லை எடுத்துப்போட்டால் கரும்பு அங்கே வேர் பிடிக்கும் என்பதும் தெரியும்.

கடைசிக் கல் 1907-இல் இடம் மாறியது. புதுச் சுவரின் நல்ல முகத்தை அவர் தெய்வானையின் பக்கம் வைத்துக் கட்டியிருந்தார். மத்ததை அப்புறம் பேசலாம் என்று தெய்வானை சொல்லியிருந்தாரே, அந்தப் பேச்சு நடந்ததாக யாருக்கும் தெரியவில்லை. அந்த வருஷத்து அறுவடையில் தெய்வானையின் மருமகன் வண்டியைப் பழைய தடத்தில் ஓட்டிவந்தான். வண்டி மாட்டுப் பாறையைச் சுற்றித் திரும்பி, வயலுக்குள்ளேயே கரும்பை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிற்று. யாரும் கட்டுச் சுமக்கவில்லை. பாறையின் நிழலில் உட்கார்ந்து க்ளெமானும் கஞ்சி குடித்தார்; தெய்வானைதான் ஊற்றிக் கொடுத்தார்.

க்ளெமானின் நிலத்துக்கு மேற்கே, ஒரு வரிசை வாழைக்கு அப்பால், கீயின் காய்கறித் தோட்டம். அந்த எல்லையையும் புயலுக்குப் பிறகு போட்டவர் க்ளெமான்தான். அடுத்த திங்கட்கிழமை அவர் கயிற்றையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கீ கடையைச் சாத்திவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தார்.